என்ன ஆசிட்?

சித்தப்பா திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தார். லாரி, வேன், அம்பாசிடர் எல்லாம் ரேம்ப்பில் ஏறி நிற்கும். பம்ப் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். 2003 மே மாதம் எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா மகனுக்கு நான்கு.

அன்றைக்கு மதியம் நல்ல வெயில். நானும் தம்பியும் டயர் அடுக்கியிருந்த மூலையில் விளையாடிக்கொண்டிருந்தோம். தாகம் எடுத்தது போல. கீழ்த்தட்டில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரே மடக்கு. அவன் கத்திய கத்தலில் பம்ப் சத்தத்தையும் மீறி சித்தப்பா ஓடி வந்தார். ரிம்மில் ஏறிய துருவை எடுக்க வைத்திருந்த ஆசிட் அது. இருபது லிட்டர் கேனில் வாங்கி, கைக்கு அடக்கமாகச் சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். எல்லா சர்வீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன குடிச்சான்?"

"ஆசிட்டு சார்."

"என்ன ஆசிட்?"

"வீலுக்கு அடிக்கிற ஆசிட் சார்."

"அதான்யா கேக்குறேன், என்ன ஆசிட்?"

சித்தப்பா முழித்தார். டாக்டர் என்னைப் பார்த்து, "ஓடிப்போய் அந்த பாட்டிலை எடுத்துட்டு வா" என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் எடுத்து வந்தேன். பாட்டிலில் லேபிள் இருந்தது. ஆரஞ்சு ஜூஸ் என்று போட்டிருந்தது.

பிறகு கேனைத் தேடினார்கள். அது பழைய ஆயில் கேன். கடைக்காரர் எங்கிருந்தோ பெரிய பீப்பாயில் வாங்கி, கேன் கேனாகப் பிரித்து விற்றிருக்கிறார். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது. அதை விரிக்க எத்தனை முறை டியூப் விட்டார்கள் என்பது சித்திக்குத்தான் தெரியும். அன்று அவன் குடித்தது என்ன ஆசிட் என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

*

நான் இப்போது பார்க்கும் வேலை அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான். கார் கழுவும் ஷாம்பு, வீல் கிளீனர், என்ஜின் டீகிரீசர் போன்றவற்றைத் தயாரித்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் லேபிளும் பாதுகாப்புத் தகவல் தாளும் தயாரிக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு லேபிள் ஒட்டுகிறான் என்று வீட்டில் கிண்டல் உண்டு.

டாக்டர் ஏன் அத்தனை முறை கேட்டார் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. வீல் கிளீனர் என்ற ஒரே பெயரில் விற்பவை ஒரே பொருள் அல்ல. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிரேக் தூசியில் உள்ள இரும்பைப் பிடித்து ஊதா நிறமாக வழியும் புதிய வகைகளில் தயோகிளைகோலேட் உப்பு. இன்னும் சிலவற்றில் அம்மோனியம் பைஃபுளோரைடு.

இந்தக் கடைசி ஆள்தான் மோசம். தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிகூடத் தெரியாது. ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதற்கு மருத்துவர் கால்சியம் கொடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. மற்ற அமிலம் என்றால் அந்த வழி கிடையாது. பாட்டிலில் பார்த்தால் எல்லாம் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆகவே "என்ன ஆசிட்?" என்பது டாக்டர் ஒப்புக்குக் கேட்ட கேள்வி இல்லை. அதற்கான பதிலில்தான் வைத்தியமே தொடங்குகிறது.

அந்தப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று மனிதர்களுக்குத் தோன்ற ரொம்ப காலம் ஆனது.

*

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் எலி மருந்துக்கும் ஈ கொல்லும் காகிதத்துக்கும் ஆர்சனிக் சாதாரணமாகக் கடையில் கிடைத்தது. வெள்ளைப் பொடி, வாசனை கிடையாது. கணவனைக் கொன்ற மனைவி, அத்தையைக் கொன்ற மருமகன் என்று வழக்குகள் பத்திரிகைகளை நிறைத்தன. 1851இல் ஆர்சனிக் சட்டம் வந்தது. விற்பவர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள் என்றால் தெரிந்த சாட்சி ஒருவர் வேண்டும். சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில் கரியோ நீலமோ கலந்து நிறம் மாற்ற வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது கொலைகாரனை நினைத்து எழுதப்பட்டது. விஷம் என்றால் யாரோ யாருக்கோ வைப்பது என்ற எண்ணத்தில் எழுதியது. அது போதாது என்று ஏழே வருடத்தில் தெரிந்தது.

1858 அக்டோபர், பிராட்ஃபோர்டு நகரம். சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாய் செய்பவர்கள் ஜிப்சம் போன்ற மலிவான வெள்ளைப் பொடியைக் கலப்பது வழக்கம். அந்தப் பொடி வாங்க மருந்துக்கடைக்கு ஆள் போனது. கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை. உதவியாள் பையன் பக்கத்தில் இருந்த வேறு பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டான். அது ஆர்சனிக், 12 பவுண்டு. மிட்டாய் சந்தைக்குப் போனது. 20 பேருக்கு மேல் செத்தார்கள், 200 பேர்வரை படுத்த படுக்கையானார்கள். குழந்தைகள் பலர்.

பதிவேட்டுச் சட்டம் இங்கே என்ன செய்திருக்க முடியும்? வாங்கியவருக்கு ஆர்சனிக் வாங்குகிறோம் என்று தெரியாது. விற்ற பையனுக்கும் தெரியாது. கொலைகாரன் யாரும் இல்லை. ஒரு பீப்பாயின் மேல் யார் கண்ணிலும் படும்படி ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து, 1868இல் வந்த மருந்தகச் சட்டம் அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கியது. விற்கும் விஷத்தின் மேல் பொருளின் பெயர், "விஷம்" என்ற சொல், விற்பவரின் பெயர், முகவரி நான்கும் இருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு பிரிட்டிஷார் விஷச் சட்டத்தை 1904இல் கொண்டுவந்தார்கள். 1919இல் அதைத் திருத்தி எழுதினார்கள். லைசென்ஸ், பதிவேடு, லேபிள் ஆகியவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அது மாகாணங்களுக்குக் கொடுத்தது. நூறு வருடத்துக்குப் பிறகும் நம்மிடம் இருப்பது அந்த 1919 சட்டம்தான். 2013 ஜூலையில், ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது கையில் எடுத்ததும் அதே பழைய பதிவேட்டைத்தான். ஆசிட் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, காரணம் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. மிக அவசியமான உத்தரவு. ஆனால் அதுவும் 1851 போலவே வாங்குபவரைப் பார்க்கும் பதிவேடு. ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை அது பார்க்காது.

*

விபத்தை முதலில் பார்த்தவர்கள் டாக்டர்கள். பிலடெல்ஃபியாவில் ஷெவாலியே ஜாக்சன் என்று ஒரு தொண்டை மருத்துவர் இருந்தார். குழந்தைகள் விழுங்கிய ஊக்கு, பட்டன், நாணயம் என்று 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைத் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்தவர். எடுத்த ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தினார். அவை இன்றும் அந்த ஊர் மூட்டர் மியூசியத்தில் இழுப்பறைகளில் இருக்கின்றன.

அவரிடம் வந்த பிள்ளைகளில் ஒரு கூட்டம் தனி. அவர்கள் தொண்டையில் எடுக்க எதுவும் இருக்காது. தொண்டைக்குக் கீழே குழாயே சுருங்கிப்போயிருக்கும். தண்ணீர்கூட இறங்காது. காரணம் காஸ்டிக் சோடா. அமெரிக்க வீடுகளில் அடைப்பு எடுக்க, சோப்பு காய்ச்ச, தரை தேய்க்க என்று எல்லாவற்றுக்கும் அது சமையலறையிலேயே இருந்தது. பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். டப்பாவில் எச்சரிக்கை எதுவும் கிடையாது. ஜாக்சன் வருடக்கணக்காக அலைந்து, சங்கங்களில் பேசி, வாஷிங்டன்வரை போய் வாதாடினார். 1927 மார்ச்சில் காஸ்டிக் விஷச் சட்டம் நிறைவேறியது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் குறிப்பிட்ட அமிலங்கள், காரங்கள் மேல் "விஷம்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். எழுத்து எத்தனை பாயின்ட் இருக்க வேண்டும் என்பதைக்கூட அந்தச் சட்டம் சொல்கிறது: 24. விழுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அச்சிட வேண்டும்.

ஜாக்சனைப் பற்றி முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சுருங்கிய குழாயை அவர் விரித்த முறையின் பேரன்தான் தம்பிக்குச் செய்தது. அவர் பார்த்த கடைசிக் குழந்தைக்கும் என் தம்பிக்கும் நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. லேபிள் மட்டும் திண்டுக்கல்வரை வந்து சேரவில்லை.

ஆனால் அச்சிட்ட வைத்தியத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மருத்துவம் மாறும், டப்பாவில் அச்சான எழுத்து மாறாது. விஷம் குடித்தால் வாந்தி எடுக்க வை என்பது பழைய நம்பிக்கை. அரிக்கும் பொருளை வாந்தி எடுத்தால் ஏறிவரும்போது இன்னொரு முறை சுடும். காரத்துக்கு வினிகர் கொடு என்பதும் அப்படித்தான், இன்று யாரும் அதைச் செய்யச் சொல்வதில்லை. தவிர, 1930க்குப் பிறகு கடைகளில் புதுப்புது பிராண்டுகள் குவிந்தன. பெயர் இருக்கும், உள்ளே என்ன என்று இருக்காது.

சிகாகோவில் லூயி கெடல்மன் என்ற மருந்தாளர் தன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சின்னச் சின்ன அட்டைகளில் குறித்துவைக்க ஆரம்பித்தார். இந்த பிராண்டில் இன்னது இருக்கிறது, குடித்தால் இன்னது செய்ய வேண்டும் என்று அட்டைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. டாக்டர்கள் ராத்திரி பகல் பாராமல் அவருக்கு போன் அடித்தார்கள். 1953இல் எட்வர்ட் பிரஸ் என்ற மருத்துவர் முயற்சியில் அதே சிகாகோவில் அமெரிக்காவின் முதல் விஷத் தகவல் மையம் உருவானபோது அந்த அட்டைகள்தான் அதற்கு அடித்தளம். விஷத்துக்கு ஒரு போன் நம்பர் என்ற யோசனை அங்கிருந்து பரவியது. 1963இல் லண்டன். டெல்லி எய்ம்ஸில் நம்முடைய தேசிய விஷத் தகவல் மையம் வர 1995 ஆனது.

*

இதற்கிடையில் லேபிள் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் உறைத்தது. அவருக்கு வயது மூன்று.

மண்டை ஓடு படம் போட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு அது மரணம், பிள்ளைகளுக்கு அது கடற்கொள்ளைக்காரன். பிட்ஸ்பர்க் நகரத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரே பைரேட்ஸ். அங்கே ரிச்சர்ட் மோரியார்ட்டி என்ற குழந்தை மருத்துவர் 1971இல் முகம் சுளித்து நாக்கை நீட்டும் பச்சை நிற முகம் ஒன்றை உருவாக்கினார். பிள்ளைகளிடமே பல நிறங்களைக் காட்டி, அவர்கள் "உவ்வே" என்ற நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கனடாவின் விண்ட்சர் வேறு வழியில் போனது. டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கார் தொழிற்சாலை ஊர் அது. ஹென்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர் அங்கே விஷத் தடுப்பு மையத்தை நடத்தினார். பெற்றோருக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பெற்றோரைத் திருத்துவதைவிட மூடியைத் திருத்துவது சுலபம் என்று முடிவுசெய்தார். ஊரில் அச்சுவார்ப்புக் கம்பெனி நடத்திய பீட்டர் ஹெட்ஜ்விக்கைப் பிடித்தார். அமுக்கித் திருப்பினால் மட்டுமே திறக்கும் மூடி 1967இல் வந்தது. அந்த வட்டாரத்தில் குழந்தைகள் விஷம் குடிப்பது பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இன்று அப்படிப்பட்ட மூடிக்குச் சர்வதேசத் தரம் உண்டு. ஐஎஸ்ஓ 8317. சோதனை செய்பவர்கள் மூன்றரை முதல் நான்கேகால் வயதுப் பிள்ளைகள், 200 பேர்வரை. ஐந்து நிமிடம் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 85 சதவீதம் பேர் தோற்க வேண்டும். பிறகு திறந்து காட்டுவார்கள். இன்னும் ஐந்து நிமிடம். அப்போதும் மொத்தத்தில் 80 சதவீதம் பேர் தோற்க வேண்டும். அதே மூடியை 50 முதல் 70 வயதுள்ளவர்களில் 90 சதவீதம் பேர் திறந்துவிடவும் வேண்டும். எங்கள் வீல் கிளீனர் பாட்டிலின் மூடிக்கு வந்த சோதனை அறிக்கையை நான் மூன்று முறை வாசித்தேன். தம்பியும் அந்த வயதுக்காரன்தானே அன்று.

*

இனி அந்த 16 எழுத்துகளுக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு விஷ மையங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு நாடும் கம்பெனிகளிடம் ஒவ்வொரு மாதிரி தகவல் கேட்டது. ஐரோப்பிய ஆணையம் 2017இல் சொன்ன கணக்குப்படி வருடத்துக்குச் சராசரியாக 6 லட்சம் அழைப்புகள், அதில் பாதி குழந்தைகள் தொடர்பானவை. 40 சதவீதம்வரையான அழைப்புகளில் குடித்த பொருள் எது என்று சரியாகக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. இத்தனை சட்டத்துக்கும் அட்டைக்கும் பிறகு, கேள்வி மறுபடி அதே இடத்தில் நின்றது: என்ன ஆசிட்?

அதற்கு வந்த ஏற்பாடுதான் யுஎஃப்ஐ என்ற தனிக் கலவை எண். உடலுக்கு ஆபத்தான எந்தக் கலவையும் 2021 முதல் படிப்படியாக இதற்குள் வந்தது. 2025 ஜனவரியில் பழைய பொருள்களுக்கான விலக்கும் முடிந்தது. கம்பெனி தன் வரி எண்ணையும் கலவைக்கு ஓர் எண்ணையும் கொடுத்தால் நான்கு நான்காகப் பிரித்த 16 எழுத்துகள் கிடைக்கும். அதை லேபிளில் அச்சிட வேண்டும். கூடவே கலவையில் என்னென்ன, எவ்வளவு, நிறம் என்ன, எவ்வளவு புளிப்பு, எந்த மாதிரி பாட்டில் என்பதையெல்லாம் விஷ மையங்களுக்கு ஒப்படைக்க வேண்டும். கலவையைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாற்றினால் புது எண் எடுக்க வேண்டும்.

இந்த எண்ணில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதில் ஆங்கிலத்தின் பி, ஐ, எல், ஓ, இசட் ஆகிய ஐந்து எழுத்துகளும் வராது. எட்டு, ஒன்று, பூஜ்யம், இரண்டு என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. யாரோ ஓர் அம்மா, ராத்திரி இரண்டு மணிக்கு, கை நடுங்க, ஒரு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து போனில் வாசிக்கப்போகிறாள் என்பதை யாரோ ஒரு அதிகாரி நினைத்துப் பார்த்திருக்கிறார்.

1851இன் பதிவேடு வாங்கியவரின் பெயரை எழுதியது. இந்தப் பதிவேடு தயாரித்தவர் என்ன கலந்தார் என்பதை எழுதுகிறது. விசாரிக்க வேண்டிய ஆள் மாறிவிட்டார். இந்த இடத்துக்கு வர 170 வருடம் ஆகியிருக்கிறது.

நாங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பதால் நேரடியாகப் பதிய முடியாது. பொறுப்பு இறக்குமதி செய்பவருடையது. கலவை ரகசியத்தை அவரிடம் சொல்ல மனமில்லாத கம்பெனி, அங்கே பதிவான ஒரு நிறுவனம் மூலம் மையத்துக்குக் கொடுத்துவிட்டு எண்ணை மட்டும் அவரிடம் நீட்டலாம். ரகசியமும் காப்பாற்றப்படும், டாக்டருக்கும் பதில் கிடைக்கும். முதலில் முணுமுணுத்த எங்கள் முதலாளியே இப்போது "எண் வந்துருச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் லோடு ஏற்றுகிறார்.

அதே டேங்கிலிருந்து உள்ளூருக்கும் பாட்டில் போகிறது. அதில் பெயர் இருக்கும், விலை இருக்கும், முகவரி இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வை என்ற ஒரு வரியும் இருக்கும். 1989 விதிகள் அபாயகரமான ரசாயனங்களுக்கு லேபிள் கேட்கின்றன. ஆனால் கார் கழுவும் கலவையில் என்ன இருக்கிறது என்பதை விஷத் தகவல் மையத்திடம் முன்கூட்டி ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. ஒரே திரவம், இரண்டு லேபிள். இரண்டையும் நான்தான் செய்கிறேன்.

*

போன மாதம் திண்டுக்கல் போயிருந்தேன். தம்பிக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் அவன் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெண் வீட்டார் யாரோ, "மாப்பிள்ளை ரசிச்சு சாப்பிடுறாரு" என்றார்கள். சித்தி எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் சித்தப்பா சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அலமாரியை உயரத்தில் மாட்டி, பூட்டு போட்டிருக்கிறார். ஜூஸ் பாட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்டில் அவர் கையெழுத்தில் "ஆசிட். குடிக்காதே" என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக் காட்டுகிற பையன் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"இது போதுமாடா?"

"நல்லாருக்கு சித்தப்பா. என்ன ஆசிட்னும் சேர்த்து எழுதிருங்க."

கேனைக் கையில் எடுத்து ஒரு சுற்று திருப்பிப் பார்த்தார்.

"அதை அவன்தானடா போட்டுத் தரணும். எனக்கு எப்படித் தெரியும்?"